இரவில் பறக்கும் ஐந்து மணி நேரம்

பிள்ளையை விமானியாக்க வேண்டும் என்று ஆசைப்படும் பெற்றோர் இன்று நம்மவரிடையேயும் இருக்கிறார்கள். சாலைக் கடைத்தெருவில் கணக்கு எழுதுகிறவரும், அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருப்பவரும் கூட, ஊரிலுள்ள நிலத்தை விற்றோ பாங்கில் கடன் வாங்கியோ இதற்குத் துணிகிறார்கள். பயிற்சிப் பள்ளியில் அவர்கள் கேட்பவை மூன்று கேள்விகள். கட்டணம் எவ்வளவு? எத்தனை மாதம் ஆகும்? வேலை கிடைக்குமா? நான்காவதாக ஒரு கேள்வி உண்டு. அதைக் கேட்பவர் அரிது. இரவில் பறக்க எப்படிச் சொல்லித் தருவீர்கள் என்பதே அந்தக் கேள்வி.

விதி என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். பதினேழு வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் உள்ள ஒருவர், 40 மணி நேரம் பறந்து, பரீட்சைகளில் தேறினால் பிரைவேட் பைலட் லைசென்ஸ் பெறலாம். ஆனால் அது பெரும்பாலும் பகலுக்கு உரிய லைசென்ஸ். வெளியே கண்ணால் பார்த்து ஓட்டும் பயணத்தைச் சூரியன் மறைந்த பிறகு நம் நாட்டில் பொதுவாக அனுமதிப்பதில்லை. நிலையத்தைச் சுற்றிப் பறப்பதற்கும், பயிற்சிக்கும் மட்டும் கட்டுப்பாட்டுக் கோபுரம் விலக்கு அளிக்கும். பிறகு கமர்ஷியல் லைசென்ஸுக்குப் போகிறவர் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் ஐந்து மணி நேரமாவது இரவில் இருக்க வேண்டும். பத்து முறை இரவில் ஏறி, பத்து முறை இறங்க வேண்டும்.

இருநூறில் ஐந்து! நாற்பதில் ஒரு பங்கு. நம்முடைய பிள்ளை இருட்டைப் பற்றி அறிந்துகொள்ள விதி வைத்திருக்கும் கட்டாயம் அவ்வளவுதான். அந்த ஐந்து மணி நேரம் உண்மையான ஐந்து மணி நேரமாக இருக்க வேண்டும் என்பதே நாம் சொல்ல வருவது.

கண் சொல்லும் பொய்

பகலில் விமானத்தைச் சமமாக வைத்திருக்க உதவுவது தொடுவானம். இரவில் அது மறைந்துவிடுகிறது. அப்போது உட்காதில் உள்ள சமநிலை உணர்வை உடல் நம்பத் தொடங்கும். அந்த உணர்வோ எளிதில் ஏமாறும். விமானம் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தால், நேராகவே போகிறோம் என்று அது சொல்லும். இருட்டுக்குக் கண் முழுதும் பழகவே சுமார் அரை மணி நேரம் வேண்டும். ஒரு டார்ச் வெளிச்சம் பட்டால் அந்தப் பழக்கம் கெட்டுவிடும். ஓடுபாதைக்கு முன்னால் விளக்கே இல்லாத இருட்டுப் பரப்பு இருந்தால், உயரமாக இருக்கிறோம் என்று தோன்றி, விமானி மிகவும் தாழ இறங்கிவிடக் கூடும்.

இதற்கெல்லாம் மருந்து உண்டு. ஓடுபாதையின் ஓரத்தில் வரிசையாக நான்கு விளக்குகள் உண்டு. நான்கும் வெள்ளையாகத் தெரிந்தால் உயரம் அதிகம். நான்கும் சிவப்பானால் ஆபத்தான தாழ்வு. இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான பாதை. கண் சொல்வதை விட்டு, விளக்கும் கருவியும் சொல்வதை நம்பப் பழக வேண்டும். புத்தகத்தில் படித்தால் இந்தப் பழக்கம் வராது. ஆசிரியர் பக்கத்தில் இருக்க, பலமுறை செய்து பார்த்தால்தான் வரும்.

திருவனந்தபுரத்தின் நில அமைப்பையும் நினைத்துப் பாருங்கள். விமான நிலையம் கடலை ஒட்டி இருக்கிறது. மேற்கே அரபிக்கடல், கிழக்கே பொன்முடியும் அகஸ்தியர் மலையும். இடையில் விளக்கு எரிவது ஒரு குறுகிய பட்டை மட்டுமே. வலியதுறையிலிருந்தும் பூந்துறையிலிருந்தும் போன படகுகளின் விளக்குகள் கடலில் மினுங்கும்போது, மேலே இருப்பவருக்கு எது படகு, எது நட்சத்திரம் என்று குழம்பும். என்ஜின் நின்றால் இறங்க ஒரு வயல் தேடலாம் என்பது பகல் பேச்சு. இரவில் தென்னந்தோப்பும் கடலும் ஒரே கறுப்புத்தான்.

இரண்டு பாடங்கள்

1978 ஜனவரி 1-ந் தேதி இரவு, பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' ஜம்போ விமானம், கிளம்பிய இரண்டு நிமிடத்துக்குள் பாந்த்ரா கடலில் விழுந்தது. 213 பேரும் மாண்டனர். விமானம் சாய்கிறதா, நேராக இருக்கிறதா என்று காட்டும் கருவிகளில் ஒன்று தவறாகக் காட்டியது. வெளியே இருண்ட கடல். மற்றக் கருவிகளுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குள் காலம் கடந்துவிட்டது. ஓட்டியவர் அனுபவம் மிகுந்த காப்டன்.

1999 ஜூலை 16-ந் தேதி, அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த கென்னடியின் மகன், மனைவியையும் அவரது சகோதரியையும் ஏற்றிக்கொண்டு, சொந்த விமானத்தில் இரவில் கடல் மேல் பறந்தார். மூடுபனி போன்ற மங்கலில் திசை உணர்வு தடுமாறி, மூவரும் இறந்தனர். அவர் தனியார் விமானி. சுமார் 310 மணி நேரம் பறந்தவர். அதில் இரவு நேரம் மட்டும் சுமார் 55 மணி. கருவிகளை மட்டும் நம்பி ஓட்டுவதற்கான தகுதிச் சான்று அவரிடம் இல்லை. ஐம்பத்தைந்து மணி நேரத்துக்கே இந்தக் கதி என்றால், ஐந்து மணி நேரத்தை எவ்வளவு கவனமாகச் செலவிட வேண்டும்!

அமெரிக்காவில் தனியார் லைசென்ஸுக்கே மூன்று மணி நேர இரவுப் பயிற்சியும் பத்து இறக்கங்களும் கட்டாயம். அதோடு விடுவதில்லை. கடந்த 90 நாட்களில் மூன்று முறையாவது இரவில் ஏறி இறங்காதவர், இரவில் பயணிகளை ஏற்றக் கூடாது. கற்றது மறந்துபோகும் என்பதை ஒப்புக்கொண்ட விதி இது.

"கம்பெனியில் சேர்ந்த பிறகு சிமுலேட்டரில் எல்லாம் கற்றுத் தருவார்களே" என்று சிலர் சொல்லக் கூடும். உண்மைதான். ஆனால் அந்தச் சிமுலேட்டருக்குப் போகும் முன்பே, பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒற்றை என்ஜின் விமானத்தை இருட்டில் தன் கையாலேயே ஏற்றி இறக்கியாக வேண்டும்.

செய்ய வேண்டியவை

இந்த ஊருக்கு விமானம் புதிதல்ல. 1935 அக்டோபரில் டாட்டாவின் தபால் விமானம் பம்பாயிலிருந்து இங்கு வந்து இறங்கியது. கர்னல் கோத வர்ம ராஜா முயன்று நிறுவிய கேரள பிளையிங் கிளப் வளர்ந்து, இன்று அரசின் ராஜீவ் காந்தி விமானத் தொழில்நுட்ப அகாடமியாக விமான நிலையத்திலேயே இருக்கிறது. சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள் எட்டிப் பார்க்கக் கூடிய அரசுப் பள்ளி என்பதால், அது நன்றாக நடப்பதில் நமக்கும் அக்கறை உண்டு.

பயணிகள் விமானம் வந்து போகும் நிலையத்தில் பயிற்சி விமானம் வரிசையில் கடைசியாக நிற்பது எங்கும் உள்ள வழக்கம். வளைகுடா விமானங்கள் இரவெல்லாம் வந்து போகும் இடத்தில் சொல்லவே வேண்டாம். அவற்றைத் தடுக்கச் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு இரவுகள், நெரிசல் குறைந்த ஒரு மணி நேரத்தை, பயிற்சிக்கு என்றே நிலையாக ஒதுக்கலாம். பத்மநாப சுவாமியின் ஆராட்டு ஊர்வலத்துக்காக ஆண்டில் இரண்டு முறை பல மணி நேரம் ஓடுபாதையை மூடி, நேரப் பட்டியலை மாற்றி அமைக்கும் நிலையம் இது. மனம் இருந்தால் மார்க்கம் உண்டு.

பெற்றோரும் பணம் கட்டும் முன் கேட்க வேண்டும். இரவுப் பயிற்சி இங்கேயே நடக்குமா, வேறு ஊருக்கு அனுப்புவீர்களா? அந்தச் செலவு யாருடையது? நிலா இல்லாத இரவிலும் ஆசிரியருடன் பறப்பார்களா, அல்லது அஸ்தமனம் முடிந்த கையோடு நாலு சுற்றுச் சுற்றிக் கணக்கை முடிப்பீர்களா? இறங்க வந்த விமானத்தை மீண்டும் மேலே ஏற்றவும், இறங்கு விளக்கு இல்லாமல் இறங்கவும் பழக்குவீர்களா?

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பறக்காத மணியைப் பறந்ததாக லாக் புத்தகத்தில் எழுதிய மோசடி 2011-ல் நம் நாட்டில் வெளிவந்து, கைது வரை போனது. பொய்யாக எழுதிய மணி பரீட்சை அதிகாரியை ஏமாற்றலாம். கடலுக்கு மேலே, தொடுவானம் தெரியாத இருட்டில், அது எழுதியவனையே ஏமாற்றும்.

ஐந்து மணி நேரம் என்பது அதிகமல்ல. அதை முழுமையாகக் கொடுப்பதும், முழுமையாகப் பெறுவதும் கஷ்டமான காரியமும் அல்ல. மாநில அரசும் விமான நிலைய நிர்வாகமும் கூடிப் பேசி நேரத்தை ஒதுக்கட்டும். நான்காவது கேள்வியை நாம் கேட்கத் தொடங்குவோம்.