வாட் என்பது அளவு, அடைமொழி அன்று

நல்ல ஒலி வேண்டுமெனில் இலட்ச ரூபாய் வேண்டும் என்று சொல்லும் ரசனைக் காவலர்களும், மூவாயிரம் ரூபாய்ப் பெட்டியின்மீது ‘1000 வாட்’ என்று அச்சிடும் வணிகர்களும் ஒருவரையொருவர் இகழ்பவர்கள்போலத் தோன்றுவர். செய்யும் வேலை இருவருக்கும் ஒன்றே. கையில் குறைந்த பணமுள்ளவர் தாம் எதை வாங்குகிறோம் என்று அறியவிடாமல் தடுப்பதே அவ்வேலை. முன்னவர் எண்களே வேண்டா, செவி போதும் என்பார். பின்னவர் எண்ணைத் தருவார், ஆனால் அந்த எண்ணில் பொருள் இராது. இவ்விருவருக்கும் இடையே அகப்படுபவர் யார்? நெட் அல்லாத உதவித்தொகையாக மாதம் 8,000 ரூபாய் பெறும் முனைவர்பட்ட ஆய்வாளர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின் கிடைத்ததைக் கொண்டு வரிசை வீட்டில் வாழும் தங்கவயல் முதியவர். இவர்களுக்கும் இசை வேண்டும். அதை விலக்கிவைக்க எவருக்கும் உரிமையில்லை.

நான் எழுதுவது பேத்தமங்களாவிலிருந்து. 1902இல் சிவசமுத்திரத்தில் பிறந்த மின்சாரம் ஏறத்தாழ 147 கி.மீ. கம்பிவழி வந்து கோலார் தங்கவயலின் எந்திரங்களை இயக்கியது. பெங்களூரு நகரம் மின்விளக்கைக் கண்டது அதற்கு மூன்றாண்டு கழித்தே. எங்கள் பாலாற்று ஏரியின் நீர்தான் அந்த வயலுக்குக் குடிநீராக ஏற்றப்பட்டது. எவ்வளவு உயரத்துக்கு ஏற்ற வேண்டும், குழாயின் விட்டம் என்ன என்று கேளாமல் பம்பின் குதிரைத்திறனை இவ்வூரில் எவரும் பேசார். கிணற்றுக்கு மோட்டார் வாங்கும் உழவர் முதலில் கிணற்றைத்தான் அளக்கிறார். ஆம்ப் வாங்கும் முதுகலைப் பட்டதாரியோ பெட்டியின் அட்டையைப் படிக்கிறார்.

இக்குழப்பத்தில் நம் கலைச்சொற்களுக்கும் பங்குண்டு. ‘ஒலிபெருக்கி’ என்னும் சொல்லைப் பாருங்கள். சொல்லமைப்பின்படி அது ஒலியைப் பெருக்கும் கருவி. வழக்கிலோ கோயில் கம்பத்தில் கட்டப்பட்ட புனல். மின்குறிகையைப் பெருக்கும் கருவி ஒன்று, பெருக்கப்பட்ட மின்னை அதிர்வாக மாற்றும் கருவி வேறொன்று. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம். கடைத்தெருவில் இக்குழப்பம் இல்லை. ‘ஆம்ப்’ ஒன்று, ‘பாக்ஸ்’ ஒன்று. கலைச்சொல் அகராதியைவிட மைக் செட்காரரின் மொழி துல்லியமானது என்று ஒரு மொழியியல் மாணவன் சொல்வதில் வெட்கப்பட ஏதுமில்லை. நானும் ஆம்ப், பெட்டி என்றே எழுதுகிறேன்.

இனி அந்த ‘1000 வாட்’. பி.எம்.பி.ஓ. என்ற எழுத்துகளோடு வரும் எண்ணுக்கு எந்தத் தர நிறுவனமும் வரையறை வகுத்ததில்லை. எவ்வளவு நேரம், எவ்வளவு சிதைவோடு, எத்தனை ஓம் பளுவில் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடையில்லாத வாட், அளவு அன்று. ‘மாபெரும்’ என்பதுபோல ஓர் அடைமொழி. அமெரிக்காவில் வீட்டு ஆம்ப்களுக்கு இக்கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும் என்ற விதி 1974இலேயே வந்துவிட்டது. நம் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் பொருளைப் பொய்யாக விவரிக்கும் விளம்பரத்தைத் தவறான விளம்பரம் என்றே வரையறுக்கிறது. ஆயினும் அட்டைகள் மாறவில்லை. நம் தெருக்களில் பல்லாண்டுகளாகப் பூட்டப்பட்டுவரும் ‘4440’ பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஐசியின் தரவுத்தாள் சொல்வது 4 ஓம் பளுவில் பக்கத்துக்கு 6 வாட், இரு பக்கத்தையும் ஒன்றாக இணைத்தால் 19 வாட். அதே பலகை எத்தனை கடைகளில் நூறு வாட்டாகப் பெயர் மாறியிருக்கிறது!

இன்று உள்ளங்கையளவு ஆம்ப்கள் பலவற்றில் இருப்பது டிபிஏ3116 என்னும் சில்லு. நல்ல சில்லு, அதில் ஐயமில்லை. 21 வோல்ட்டில், 4 ஓம் பெட்டியில், பக்கத்துக்கு 50 வாட் என்பது அதன் தயாரிப்பாளரே தரும் எண். ஆனால் அதே தாளில் அந்த 50 வாட்டின் அருகே நிற்பது 10 விழுக்காடு சிதைவு. அந்நிலையில் நாகஸ்வரமும் தகரமாகிவிடும். இதே சில்லை 12 வோல்ட் அடாப்டரோடு விற்று, மேலே ‘100 + 100’ என்று எழுதுகிறார்கள். இதை மறுக்கப் பொறியியல் பட்டம் வேண்டா, பள்ளி இயற்பியல் போதும். வெளியீட்டின் உச்சம் 12 வோல்ட்டைத் தாண்டாது. 8 ஓம் பெட்டியில் சிதையாத அலைக்கு 9 வாட் என்பதே கணிதம் அனுமதிக்கும் எல்லை. 24 வோல்ட் கொடுத்தால் அது 36 ஆகும். அடாப்டரின் முதுகில் உள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் பாருங்கள். அதற்கு மேற்பட்ட வாட்டை எந்த ஆம்பும் தொடர்ந்து தர இயலாது.

9 வாட்டா என்று முகம் சுளிப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்த 9 வாட் என்ன செய்யும் என்பதை ஆம்ப் தீர்மானிப்பதில்லை, பெட்டி தீர்மானிக்கிறது. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளந்தால் எத்தனை டெசிபெல் என்பதே பெட்டியின் உணர்திறன். 86 டெசிபெல் பெட்டி இரண்டை வைத்து இரண்டு மீட்டர் தள்ளி அமர்ந்தால், இயல்பான பேச்சைவிட நன்கு உரத்த 75 டெசிபெல்லுக்குச் சராசரியாக 0.2 வாட்கூடத் தேவைப்படாது. தவில் அடி விழும் கணத்தில் அது 15 டெசிபெல் எழும்பினாலும் தலைக்கு 5 வாட் போதும். அறைச் சுவர்கள் திருப்பித் தருவதை இக்கணக்கில் நான் சேர்க்கவேயில்லை. பெட்டி 82 டெசிபெல்லாக இருந்தால் அதே கணத்துக்கு 12 வாட்டுக்கு மேல் வேண்டும். 90 ஆக இருந்தால் 2 வாட். ஆகவே நம் கையிலுள்ள பணம் முதலில் செல்ல வேண்டிய இடம் பெட்டிதான். ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது ஒரு சிறு ஆம்ப் அடுத்த ஊரையும் எழுப்புவது எப்படி? புனலின் உணர்திறன் 100 டெசிபெல்லைக் கடந்தது என்பதால்தான். இதை மைக் செட்காரர்கள் தலைமுறைகளாக அறிவார்கள். நம் கருத்தரங்குகள்தாம் இன்னும் அறியவில்லை.

உணர்திறன் எண்ணிலும் ஒரு சூது உண்டு. சிலர் ஒரு வாட்டுக்குப் பதிலாக 2.83 வோல்ட்டுக்கு அளந்து சொல்வர். 8 ஓமில் அது ஒரு வாட். 4 ஓமிலோ இரண்டு வாட். 4 ஓம் பெட்டிக்கு அவ்வாறு 89 என்று எழுதியிருந்தால் 86 என்றே கொள்க.

பொருத்தம் என்பதில் இன்னும் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. இதைக் கடைக்காரரும் சொல்லார், ரசனைக் காவலரும் சொல்லார். இவ்வகை மலிவு ஆம்ப்கள் பலவற்றில் வெளியீட்டு வடிகட்டி, பின்னூட்டச் சுற்றுக்கு வெளியே நிற்கிறது. அதனால் உச்ச அதிர்வெண்களில் ஆம்பின் நடத்தை பெட்டியின் ஓமைப் பொறுத்து மாறும். 8 ஓமில் மேல்முனை சற்றே எழும், 4 ஓமில் சற்றே தாழும். ஒரே ஆம்பை ஒருவர் ‘கூர்மை’ என்றும் மற்றொருவர் ‘மந்தம்’ என்றும் விமர்சிப்பதைப் படித்திருப்பீர்கள். இருவரும் உண்மையே சொல்லியிருக்கலாம். அவர்கள் விமர்சித்தது ஆம்பை அன்று, இணையை. ஓர் ஒலியனின் மதிப்பு அமைப்பில் அது கொள்ளும் உறவால் அமைகிறது என்று முதலாண்டிலேயே படிக்கும் நமக்கு இது புதிதாக இருக்கக்கூடாது.

வீட்டில் இணைப்போர் இரண்டைக் கவனிக்க வேண்டும். 4 ஓம் பெட்டிகள் இரண்டை ஒரே முனையில் சேர்த்து மாட்டினால் 2 ஓமாகும், சில்லு அதைத் தாங்காது. மேலும் இச்சில்லுகளின் கறுப்பு முனை பூமி அன்று. அதிலும் குறிகை ஓடுகிறது. பழைய பழக்கத்தில் இடது வலதுக் கறுப்புக் கம்பிகளை ஒன்றாக முறுக்கினால் ஆம்ப் போயிற்று.

பெட்டியைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூரு எஸ்.பி. சாலைக்குப் போனால், கைவிடப்பட்ட மியூசிக் சிஸ்டங்களின் பெட்டிகளைக் காணலாம். கூம்பின் ஓரத்தை விரலால் மெல்ல அழுத்துங்கள். நுரை விளிம்பு நம் வெப்பத்தில் மட்கி உதிரும், ரப்பர் விளிம்பு நெடுங்காலம் நிற்கும். பின்புறத் துளையுள்ள பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் தாழ்சுருதி வீங்கும். ஒரு சாண் முன்னே இழுத்தாலே வேறுபாடு தெரியும். பத்தடி அறையில் அந்தச் சாணையும் விட இடமில்லை என்பவர்கள் துளையற்ற மூடிய பெட்டியைத் தேடலாம்.

ரசனைக் காவலர்களுக்கு வருகிறேன். மலிவு ஆம்பில் ‘மொழியின் நுண்மை’ மறைந்துவிடும் என்று ஒரு பேராசிரியர் அவையில் முழங்கியதைக் கேட்டேன். எந்த நுண்மை, ஐயா? ழகரத்தையும் ளகரத்தையும் பிரித்துக்காட்டும் ஒலியியல் குறிகள் 3000 ஹெர்ட்ஸுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. ஒழுங்காகச் செய்யப்பட்ட எந்த இருவழிப் பெட்டியும், அதை ஓட்டும் எந்த ஐந்து வாட் ஆம்பும் அவற்றை மறைப்பதில்லை. மறைப்பது என்றால், எதிரொலிக்கும் வெற்றுச் சுவர்கள் மறைக்கும். அதற்கு மருந்து கெட்டித் திரைச்சீலையும் நூல் அடுக்கிய அலமாரியும். சான்று கேட்டால் ‘செவி பழக வேண்டும்’ என்பது ஆய்வு மாணவர் ஒருவர் தம் கட்டுரையில் எழுதினால் நீங்களே அடித்துவிடும் வாக்கியம்.

அப்படியாயின் பெரிய ஆம்ப்கள் எதற்கு என்று கேட்கலாம். கல்யாண மண்டபத்துக்கு, திறந்தவெளிக்கு, 82 டெசிபெல்லுக்கும் கீழே இருக்கும் சிறு பெட்டிகளை உரக்க ஒலிக்கச் செய்வோருக்கு அவை வேண்டும். நான்கு அங்குலக் கூம்பிலிருந்து பறையின் அடிவயிற்று அதிர்வை எதிர்பார்ப்போருக்கு மட்டும் எந்த ஆம்பும் உதவாது. அவர்கள் ஆறரை அங்குலப் பெட்டிக்குப் பணம் சேர்க்கட்டும், ஆம்பை மாற்ற வேண்டா.