அம்பாசிடர் இரும்பு, எர்டிகா தகரமா?

வில்லியனூர், பாகூர் பக்கம் கல்யாணப் பந்தலில் கார் பேச்சு வந்தால் பெரியவர் ஒருவராவது சொல்லுவார்: "அம்பாசிடர் இரும்புடா! இப்ப வர்றதெல்லாம் தகர டப்பா." சுற்றி இருப்பவர்களும் தலையாட்டுவார்கள். இந்தத் தலையாட்டல்தான் ஆபத்து!

அம்பாசிடருக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டை அடிப்படையாக வைத்து மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 2014 வரை தயாரான வண்டி. எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்து மாட்டிவிடுவார். மேடு பள்ளத்துக்கு அஞ்சாது. எல்லாம் சரி... பாதுகாப்பு?

மோதும்போது வண்டி நசுங்காவிட்டால் அந்த அடி எங்கே போகும்? உள்ளே இருப்பவர் மேல்தான். புதிய கார்களின் முன்பக்கம் நசுங்குவது மட்டமான தகரம் என்பதால் அல்ல. அடியை வாங்கிக்கொள்ளத்தான் அப்படிச் செய்கிறார்கள். நம்பிக்கை இல்லையா? 2009இல் அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு, 1959 செவர்லே பெல் ஏர் காரையும் 2009 செவர்லே மாலிபு காரையும் மோதவிட்டுப் பார்த்தது. பெல் ஏர் அம்பாசிடர் காலத்து வண்டி, அதைவிடப் பெரிய உடம்பு. முடிவு? பழைய காரை ஓட்டியது பொம்மையாக இல்லாமல் மனிதராக இருந்திருந்தால் உயிர் போயிருக்கும். புதிய காரில் காலில் காயம், அவ்வளவே.

அதற்காகப் புதுசெல்லாம் உசத்தி என்றும் இல்லை. குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு எர்டிகா 2019இல் வாங்கியது 5க்கு 3 நட்சத்திரம். 2024இல் இங்கே தயாராகி ஆப்பிரிக்காவில் விற்கும் எர்டிகாவுக்குக் கிடைத்தது 1. ஷோரூமில் மைலேஜ் கேட்கிறவர்கள் இதைக் கேட்கிறார்களா?

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. அம்பாசிடரின் பெஞ்ச் சீட்டில் அடைந்துபோன பழக்கம் அப்படியே புதுக்காருக்கும் வந்துவிட்டது. ஏழு பேர் வண்டியில் பதினொரு பேர், மடியில் குழந்தை, பெல்ட் சீட்டுக்கு அடியில்! ஏர்பேக் பெல்ட்டுக்குத் துணை, பெல்ட்டுக்குப் பதில் அல்ல. ராத்திரியில் பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர் எதிர்ப்பட்டால், மடியில் இருக்கும் பிள்ளையை எந்த அம்மாவின் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது.

மாதாமாதம் கட்டும் தவணையில் அந்த பெல்ட்டின் விலையும் சேர்ந்துதான் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியதைப் போடாமல் விடுவது என்ன கணக்கு? அடுத்த முகூர்த்தத்துக்குக் கிளம்பும்போது ஏழு பேருக்கு மேல் இருந்தால் மிச்சப் பேர் பஸ்ஸில் வரட்டும். முதல் பந்தி போனால் இரண்டாம் பந்தி இருக்கிறது!