தங்கைக்குக் கொடுக்காத புத்தகம்

கிருபாபாய் சத்தியநாதன் என்ற பெயரை உங்களில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்? நானே ஓய்வு பெற்ற பிறகுதான் கேள்விப்பட்டேன்.

1862-இல் அகமத்நகரில் ஒரு மராத்திக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். படிப்பின் ருசியைக் காட்டியவர் அண்ணன் பாஸ்கர். அவர் இளம் வயதிலேயே இறந்துவிட்டார். தங்கை பம்பாயில் விடுதிப் பள்ளியில் படித்து, 1878-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். முதல் ஆண்டில் பரிசுகள் வாங்கியும், உடம்பு கெட்டுப் படிப்பு நின்றது. திருமணமாகி ஊட்டிக்குப் போன இடத்தில் முஸ்லிம் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். தோடர்களைப் போய்ப் பார்த்துவந்து கட்டுரை எழுதினார். தன் கதையையே 'சகுணா' என்று ஆங்கில நாவலாக்கினார். 1887-88-இல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி இதழில் அது தொடராக வந்தது. பிறகு 'கமலா' எழுதினார். 1894-இல் காலமானபோது வயது 32.

பெண் படிப்பு என்றதும் நம் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியைப் பெருமையாகச் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் பள்ளிக்கூடம் இருந்தால் மட்டும் போதாது. வீட்டில் புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். 'சகுணா' எனக்குச் சொன்னது அதுதான்.

நானும் ஓர் அண்ணன். லாங் பஜாரில் அப்பாவுக்குச் சின்னக் கடை. என்னைப் புதுச்சேரியில் மாமா வீட்டில் விட்டுப் பிரெஞ்சுப் பள்ளியில் படிக்க வைத்தார்கள். தங்கையை எட்டாம் வகுப்போடு நிறுத்தினார்கள். விடுமுறைக்கு வரும்போது என் பிரெஞ்சுப் புத்தகத்தில் உள்ள படங்களைப் பார்த்து, "இதுல என்ன எழுதியிருக்கு அண்ணா?" என்று கேட்பாள். "உனக்குப் புரியாது" என்பேன். அவள் படிப்பு நின்றபோது அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் கேட்டிருப்பாரோ என்னவோ. பேசாதது என் குற்றம்தான்.

நம் பெண்கள் பள்ளி நூலகங்களில் 'சகுணா' நல்ல தமிழில் இருக்க வேண்டும். பெண்கள் மட்டுமல்ல, அண்ணன் தம்பிகளும் படிக்க வேண்டும்.

போன மாதம் தங்கை வந்திருந்தாள். அவளுக்கும் எழுபதாகிறது. திண்ணையில் உட்கார வைத்து, சாயங்காலம் சாயங்காலமாகக் கதையைத் தமிழில் சொன்னேன். பாஸ்கர் இறக்கும் இடத்தில் கேட்டாள்: "அண்ணன் போனப்புறமும் அந்தப் பொண்ணு படிச்சாளா?"

"படிச்சா" என்றேன்.

"பரவாயில்ல. மேல சொல்லு" என்றாள்.