எங்கள் பாலில் நடந்தது உங்கள் போர்

விடியுமுன் பெரட்டுக்கு நின்று, கொசுக்கடியில் ரப்பர் மரம் மரமாய்ச் சீவி, எங்கள் பாட்டன்மார் மங்கு மங்காய்ச் சேர்த்த பால் எங்கே போனது? பினாங்கில் கப்பலேறிப் போனது. டாலராகத் திரும்பியது. அந்த டாலரும் சேர்ந்துதான் பிரிட்டனின் இரண்டாம் உலகப் போரை நடத்தியது. சம்மதமா என்று எங்களை ஒருவராவது கேட்டதுண்டா?

கேட்காமல் எடுப்பவனுக்குக் கொடுக்க மறுக்கலாம் என்று தாய்நாடான இந்தியாவில் வழி காட்டினார்கள். 1940 அக்டோபர் 17 அன்று வினோபா பாவே தனிநபர் சத்தியாகிரகத்தைத் தொடங்கினார். இன்ன இடத்தில் பேசப்போகிறேன் என்று அதிகாரிக்கு முன்கூட்டியே எழுதிவிட்டு, போருக்கு ஆளும் இல்லை, காசும் இல்லை என்று ஊரறியச் சொல்லி, ஆயிரமாயிரம் பேர் சிறைக்குப் போனார்கள். ராஜாஜியும் போனார்.

இங்கே மலாயாவில், 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் நம் ஜனம் பால் வெட்ட மறுத்தது. என்ன பெரிதாகக் கேட்டுவிட்டார்கள்? சீனருக்குத் தரும் கூலியைத் தா. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லாதே. கள்ளுக்கடையை மூடு. எங்கள் பெண்கள் மேல் கை வைக்காதே. இவ்வளவுதானே! தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். பட்டாளத்தை ஏவினார்கள். துப்பாக்கிச் சூட்டில் 5 பேர் செத்தார்கள். போருக்கு ரப்பர் வேண்டும். வெட்டுகிறவன் உயிர் வேண்டாமா?

சரி, அந்தப் போராவது எங்களைக் காத்ததா? 1941 டிசம்பர் 11 அன்று ஜப்பான் விமானங்களை வேடிக்கை பார்க்க ஜார்ஜ் டவுன் தெருவுக்கு வந்த ஜனத்தின் தலையில் குண்டு விழுந்தது. ஒரு வாரம் போவதற்குள் வெள்ளையர் மட்டும் இரவோடிரவாகக் கப்பலேறினார்கள். பிரிட்டிஷ் கொடியை இறக்கும் வேலைகூட ‘ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ’ ஆசிரியர் சரவணமுத்துவுக்குத்தான் வந்தது. அடுத்து வந்த ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தான். பல்லாயிரம் தமிழர் காலராவிலும் பட்டினியிலும் காட்டிலேயே மடிந்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாய்ப் பெயர்க்கல் இருக்கிறது. எங்களவர் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது?

அதே மறுப்பு மறுபடியும் கேட்டது: 2024 பிப்ரவரியில் இந்தியத் துறைமுகத் தொழிலாளர்கள், காஸா மக்களைக் கொல்லப் போகும் ஆயுதத்தை ஏற்றமாட்டோம் என்றார்கள். வயிறு எரிந்தவர்களுக்கு அது புரியும். போருக்கு வரி தரமாட்டேன், சுமை தூக்கமாட்டேன் என்கிறவனைத் துரோகி என்னாதீர்கள். கிள்ளானில் செத்தவர்களைப் பள்ளிப் பாடத்தில் எழுதுங்கள். எங்கள் உழைப்பையும் உயிரையும் கேட்காமல் எடுத்த எவனுக்கும் இனி எங்கள் பிள்ளைகள் கைகட்டி நிற்கமாட்டார்கள்!