பெற்றோரின் முழங்காலில் மிச்சம் பிடிக்காதீர்கள்

வெளிநாட்டு விமானச் செலவைக் குறைப்பது எப்படி என்று அண்மையில் வெளியான ஒரு கட்டுரை கைக்குக் கை போய்க்கொண்டிருக்கிறது. வசதி என்பது பிசினஸ் கிளாஸ் வாங்க முடிந்தவர்களுக்குத்தான். எகானமி என்று வந்துவிட்டால் எங்கும் ஒரே நெரிசல்தான். ஆகவே எது ஆகக் குறைந்த விலையோ அதை எடுங்கள், ஒருநாள் கஷ்டம்தானே, பெரியவர்களும் பொறுத்துக்கொள்வார்கள் என்பது அதன் சாரம். இந்த வாதத்தில் ஒரு வரிகூட நிற்காது. நிற்காத வாதம் என்பதோடு விட்டிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். இதை நம்பி டிக்கெட் எடுப்பவர்கள் பெரும்பாலும் தங்களுக்காக எடுப்பதில்லை. டாலஸிலும் டொராண்டோவிலும் உட்கார்ந்துகொண்டு, கும்பகோணத்திலோ திருநெல்வேலியிலோ இருக்கும் அம்மா அப்பாவுக்காக எடுக்கிறார்கள். மிச்சம் பிள்ளைக்கு, வலி பெற்றவர்களுக்கு. அதனால்தான் இந்த எதிர்வினை.

கட்டுரையாளர் பெருமையோடு முன்வைக்கும் யோசனை, பயணத்தைத் துண்டு துண்டாக வாங்குவது. சென்னையிலிருந்து வளைகுடாவுக்கோ ஐரோப்பாவுக்கோ ஒரு டிக்கெட். அங்கிருந்து அமெரிக்காவுக்கு வேறொரு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட். இதில் பணம் மிச்சமாகும் என்கிறார். டிக்கெட் வாங்கும் நாளன்று மிச்சமாகலாம். ஆனால் அந்த மிச்சத்துக்காக எதைக் கைவிடுகிறோம் என்று அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை.

ஒரே டிக்கெட்டாக, ஒரே பி.என்.ஆரில் வாங்கினால், சென்னையில் ஏறியவரை டாலஸில் இறக்கிவிடும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால், அதற்கடுத்த விமானத்தில் கூடுதல் காசு வாங்காமல் ஏற்றிவிட வேண்டியது அவர்கள் வேலை. தனித்தனி டிக்கெட்டில் அந்தப் பொறுப்பு யாருக்கும் கிடையாது. இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி. டிக்கெட் போயிற்று, அதே டிக்கெட்டில் திரும்பி வரும் பயணமும் சேர்ந்து போகும். அன்றைய விலைக்கு இருவருக்கு அமெரிக்கா டிக்கெட் வாங்கினால் லட்சத்தைத் தாண்டிவிடும். எத்தனை பயணங்களில் பிடித்த மிச்சம் அந்த ஓர் இரவில் கரையும் என்பதை அவரே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

பெட்டிகள் கதை இன்னும் மோசம். தனி டிக்கெட் என்றால் வழியில் இறங்கி, குடிநுழைவைத் தாண்டி, பெல்ட்டில் வரும் பெட்டிகளை இறக்கி, மறுபடி வரிசையில் நின்று செக்-இன் செய்யவேண்டும். குடிநுழைவைத் தாண்டப் பல நாடுகளில் முன்கூட்டியே எடுத்த விசா வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஒருவருக்கு இது சின்ன விஷயமல்ல; அந்த விசா இல்லாவிட்டால் சென்னையிலேயே ஏற்றாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கட்டுரையில் விசா என்ற சொல்லே வரவில்லை. தமிழ் வாசகருக்கு வெளிநாட்டுப் பயண யோசனை சொல்ல வந்த ஒருவர் இதை மறப்பதை நான் கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை. அமெரிக்க, ஐரோப்பியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு எழுதப்பட்ட யோசனையை, நம் கையில் இருப்பது எந்தக் கடவுச்சீட்டு என்று பாராமல் அப்படியே இறக்கிவைத்திருக்கிறார்.

ஐரோப்பாவில் வாழும் தமிழர்களுக்கு இந்த யோசனை செய்யும் கேடு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதிப்படி, ஒன்றிய நாட்டிலிருந்து புறப்படும் பயணம் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், நிறுவனத்தின் தவறால் போய்ச்சேரும் இடத்தை மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாக அடைந்தால், நெடுந்தூரப் பயணத்துக்கு ஆளுக்கு 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம். பாரிஸிலிருந்து தோஹா வழியாகக் கொழும்புக்கு ஒரே டிக்கெட்டில் போகும் குடும்பத்துக்கு இந்த உரிமை கொழும்பு வரை தொடரும். அதே குடும்பம் தோஹாவில் டிக்கெட்டை வெட்டிக்கொண்டால் உரிமையும் தோஹாவோடு வெட்டுப்படும். நான்கு பேர் குடும்பத்துக்கு அது 2,400 யூரோ.

அடுத்து, எகானமி என்றால் எல்லாம் ஒன்றுதான் என்ற பேச்சு. விமானத்தின் பெயரைக்கூடப் பார்க்காமல் டிக்கெட் எடுப்பவர்தான் இப்படிச் சொல்ல முடியும். வரிசைக்குப் பத்து இருக்கை போட்ட போயிங் 777இல் இருக்கையின் அகலம் ஏறத்தாழ 17 அங்குலம். ஏர்பஸ் ஏ350இலும் ஏ380இலும் ஏறத்தாழ 18. ஓர் அங்குலம் என்று அலட்சியமாக நினைப்பவர்கள், பக்கத்தில் இருப்பவரின் முழங்கை தோளில் அழுந்தப் பதினைந்து மணி நேரம் உட்கார்ந்ததில்லை. ஏ330இல் ஜன்னலோரம் இரண்டிரண்டு இருக்கைகள்தான். கணவனும் மனைவியும் மட்டும் உட்காரலாம். இரவில் எழுந்து கழிவறைக்குப் போக மூன்றாம் ஆளை எழுப்பவேண்டியதில்லை. ஏ350, போயிங் 787 இரண்டிலும் அறைக்குள் காற்றழுத்தம் 6,000 அடி உயரத்துக்கு நிகராக வைக்கப்படுகிறது. பழைய வகை விமானங்களில் அது 8,000 அடி வரை போகும். காற்றில் ஈரப்பதமும் புதியவற்றில் கூடுதல். இறங்கும்போது தலை கனப்பதும் தொண்டை வறண்டுபோவதும் குறையும். இவற்றில் எதற்கும் தனிக் கட்டணம் இல்லை. ஒரே நாளில், ஒரே விலையை ஒட்டி, இரண்டு நிறுவனங்கள் இரண்டு வகை விமானங்களை ஓட்டும்போது எதில் ஏறுவது என்று பார்த்து எடுப்பது மட்டும்தான் தேவை.

வழியும் அப்படித்தான். சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் இல்லை. எங்காவது மாறித்தான் ஆகவேண்டும். எங்கே மாறுகிறோம் என்பதில்தான் பாதி வசதி இருக்கிறது. வளைகுடா வழி போனால் முதலில் நாலைந்து மணி நேரம், பிறகு பதினான்கு, பதினாறு மணி நேரம் ஒரே மூச்சில். ஃபிராங்ஃபர்ட் வழியில் ஏறத்தாழப் பத்து மணி நேரம், நடுவில் இறங்கிக் கால் நீட்டி நடந்து, மறுபடி ஏறத்தாழ அதே அளவு. மூட்டுவலிக்காரருக்கு இரண்டாவது வழி நல்லது. மாறாக, அமெரிக்கக் குடிநுழைவு அதிகாரியின் கேள்விகளை நினைத்து நடுங்கும் பெற்றோருக்கு அபுதாபி வழி நல்லது. 2014 முதல் அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனை அங்கேயே நடக்கிறது. பதினான்கு மணி நேரம் பறந்து களைத்த நிலையில் இல்லாமல், சென்னையிலிருந்து வந்த தெம்போடு பதில் சொல்லிவிட்டு ஏறலாம். அமெரிக்காவில் இறங்கும்போது உள்நாட்டுப் பயணி போல வெளியே நடந்துவிடலாம். எந்தப் பெற்றோருக்கு எது பொருந்தும் என்பது அவர்கள் உடம்பையும் மனதையும் அறிந்த பிள்ளைக்குத்தான் தெரியும். விலையை ஏறுவரிசையில் அடுக்கி முதல் வரியைச் சொடுக்கச் சொல்பவருக்குத் தெரியாது.

டெல்டா மாவட்டத்துக்காரர்களைப் பற்றி அந்தக் கட்டுரை நினைத்தே பார்க்கவில்லை. தஞ்சாவூரில் இருப்பவர் லண்டனுக்குப் போகச் சென்னைக்கு ராத்திரி முழுக்கக் காரில் வரவேண்டும் என்று யார் சொன்னது? திருச்சியில் ஏறிக் கொழும்பில் மாறி லண்டன் போகலாம். ஆஸ்திரேலியா என்றால் திருச்சியிலிருந்தே சிங்கப்பூர் போய் மாறலாம். இரண்டையும் ஒரே டிக்கெட்டாக வாங்க முடியும். கார் வாடகை, சென்னையில் ஒருநாள் விடுதி, வழிச்சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டினால், திருச்சி டிக்கெட் சில ஆயிரம் கூடுதலாகத் தெரிந்தாலும் மொத்தத்தில் மலிவு. டிக்கெட் விலையை மட்டும் பயணச் செலவாக எண்ணுவதுதான் கட்டுரையாளரின் அடிப்படைக் கோளாறு. வீட்டுவாசலிலிருந்து வீட்டுவாசல் வரை ஆகும் காசு அவர் கணக்கில் ஏறவே இல்லை.

பெரியவர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்ற வரிக்கு வருகிறேன். என்னை மிகவும் கோபப்படுத்திய வரி இது. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலின் ஆழ்சிரைகளில் ரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஆரோக்கியமானவர்களில் அது ஆறாயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில்தான் நேர்கிறது. ஆனால் பருமன், முன்பு ரத்தம் உறைந்த வரலாறு போன்றவை இருந்தால் கூடும். எழுந்து நடப்பதும் காலை அசைப்பதும்தான் முதல் பாதுகாப்பு. நடைபாதையோர இருக்கையை முன்கூட்டியே பதிவுசெய்யச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். அந்தக் கட்டணத்தை வீண்செலவு என்று கட்டுரை ஒதுக்குகிறது. ஜன்னலுக்கும் ஓர் அந்நியருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நம் ஊர் அம்மா, தூங்குபவரை எழுப்பத் தயங்கித் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவாள். நம் வீட்டுப் பெண்களைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பொறுத்துக்கொள்வார்கள் என்பது உண்மைதான். பொறுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்தே அவர்களைக் கஷ்டப்படுத்துவது கொடுமை.

காசே ஆகாத வசதிகளும் இருக்கின்றன. வீல்சேர் உதவியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுப் பதிவுசெய்தால் கட்டணம் கிடையாது. ஆங்கிலம் பேசத் தயங்குபவர்களுக்கு அது காலுக்கு மட்டுமல்ல, வழிக்கும் துணை. சைவச் சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். நடுவில் ஏழெட்டு மணி நேரக் காத்திருப்பு என்றால், சிங்கப்பூர், துபாய், தோஹா விமான நிலையங்களில் குடிநுழைவைத் தாண்டாமலே தங்கக்கூடிய டிரான்சிட் ஓட்டல்கள் உண்டு. சில மணி நேரத்துக்கு மட்டும் அறை எடுத்துக் குளித்துப் படுத்து எழுந்திருக்கலாம். நீண்ட காத்திருப்புள்ள டிக்கெட் பெரும்பாலும் விலை குறைவு. அந்தக் குறைவில் ஒரு பங்கை அறைக்குச் செலவிட்டால் பணமும் மிஞ்சும், உடம்பும் மிஞ்சும். கட்டுரையாளர் அதே டிக்கெட்டை எடுக்கச் சொல்லி, பெற்றோரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போகிறார்.

பயணத்தின் கடைசிக் கட்டத்தைப் பயன்படுத்தாமல் நடுவழியில் இறங்கிவிடும் தந்திரத்தையும் அவர் சிபாரிசு செய்கிறார். இது விமான நிறுவனங்களின் விதிகளுக்கு விரோதம் என்பதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும். ஒரு கட்டத்தைத் தவிர்த்தால் மிச்சக் கட்டங்கள் எல்லாம் ரத்தாகும். திரும்பும் டிக்கெட்டும் அதில் அடக்கம். செக்-இன் செய்த பெட்டி கடைசி ஊருக்கே போகும். ஒரு பயணி இப்படிச் செய்தார் என்பதற்காக லுஃப்தான்சா பெர்லினில் வழக்கே போட்டது. கீழ்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. இத்தகைய டிக்கெட்டுகளைத் தேடித் தரும் ஸ்கிப்லாக்ட் என்ற நிறுவனம் அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்கு 94 லட்சம் டாலர் தரவேண்டும் என்று 2024 அக்டோபரில் டெக்சஸ் நடுவர் குழு தீர்ப்பளித்தது. சுற்றுலா விசாவில் போகும் பெற்றோரைத் திரும்பும் டிக்கெட் இல்லாமல் நிறுத்தும் யோசனை இது.

செவ்வாய் இரவு வாங்கு, உலாவியின் ரகசியச் சாளரத்தில் தேடு என்பவற்றுக்கு ஒரு பத்தி போதும். விலை ஏறுவது நீங்கள் திரும்பத் திரும்பத் தேடியதால் அல்ல. ஒரே எகானமியில் பல விலைப் படிகள் இருக்கின்றன. ஒரு படியில் இருக்கைகள் தீர்ந்தால் விலை அடுத்த படிக்குப் போகிறது. உண்மையிலேயே பயன்படும் விவரம் இதற்குள்தான் இருக்கிறது. நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடினால், மலிவான படியில் மூன்று இருக்கை மட்டுமே இருக்கும்போது நால்வருக்கும் மேல்படி விலையே காட்டும். ஒருவருக்குத் தேடி ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். வாங்கும் கிழமையைவிடப் பறக்கும் மாதம் முக்கியம். கோடை விடுமுறையும், மாணவர்கள் கிளம்பும் ஆகஸ்டும், டிசம்பர் கடைசியும் விலை உச்சம். ஓய்வு பெற்றவர்களுக்கு இந்த மாதங்களில்தான் போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிப்ரவரியில் போகட்டும், செப்டம்பரில் போகட்டும். அந்த வித்தியாசத்தில் நல்ல வழியும் நல்ல இருக்கையும் வாங்கிவிடலாம். மகன் சிகாகோவிலும் மகள் சான் பிரான்சிஸ்கோவிலும் இருந்தால், ஓர் ஊரில் இறங்கி இன்னோர் ஊரிலிருந்து திரும்புமாறு ஒரே டிக்கெட்டாக எடுக்கலாம். போன வழியே திரும்பி வரும் உள்நாட்டுப் பயணம் ஒன்று மிச்சம்.

எகானமிக்கும் பிசினஸ் கிளாஸுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை என்பதுபோல் அவர் எழுதியிருப்பதும் தவறு. பிரீமியம் எகானமி 1990களின் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. போகும்போது அதில், வரும்போது எகானமியில் என்று கலந்தும் வாங்கலாம். சில நிறுவனங்கள் புறப்படுவதற்கு முன் நாம் சொல்லும் விலைக்கு மேல்வகுப்பு தர ஏலம் கேட்கின்றன. ஆனால் இந்தியாவில் வாங்குபவர்கள் வரியையும் பார்க்கவேண்டும்: எகானமிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். கால் நீட்டி உட்கார விரும்பும் ஒரு முதியவரிடம் ஆடம்பரத்துக்கான வரியை வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அது அரசோடு போடவேண்டிய சண்டை. இருந்தாலும், விலையைப் பற்றி இவ்வளவு பேசியவர் அதையாவது தொட்டிருக்கலாம்.

அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நேற்றோ இன்றோ பெற்றோருக்கு அமெரிக்கா டிக்கெட்டைத் துண்டுகளாக எடுத்தவர்கள் இருந்தால், இதைக் கவனியுங்கள். அமெரிக்கா போகும், வரும் விமானங்களுக்கு, பயணத்துக்கு ஏழு நாட்களுக்கு முன்பே நிறுவனத்திடம் நேரடியாக டிக்கெட் வாங்கியிருந்தால், பணம் கட்டிய 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்துசெய்ய அல்லது பணம் கட்டாமலே 24 மணி நேரம் விலையைப் பிடித்துவைக்க அந்நாட்டு விதி வழிசெய்கிறது. ஏஜென்ட் மூலம் வாங்கியதற்கு இது கட்டாயமில்லை. அவரிடம் இன்றே கேளுங்கள். வாங்கியதை ரத்துசெய்துவிட்டு ஒரே டிக்கெட்டாக, வீல்சேரோடு, நடைபாதையோர இருக்கையோடு எடுங்கள்.