இணையக்கடை எந்த மொழியில் பேசும்?

இணையத்தில் கடைவிரிக்க முனையும் தமிழ் வணிகர் பலர், எப்பொருளை விற்பது, எத்துணை இருப்பு வைப்பது, பொதியை எவர்வழி அனுப்புவது, பணத்தை எவ்வாறு பெறுவது என்றெல்லாம் கணக்கிட்டுத் திட்டந் தீட்டுகின்றனர். தம் கடை எந்த மொழியில் பேசும் என்பதை மட்டும் அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. வலைத்தளம் அமைத்துக் கொடுப்போர் ஆங்கிலத்தில் அமைக்க, அதுவே உலகவழக்கென்று ஏற்றுக்கொள்கின்றனர்.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. அத்தகைய மண்ணின் பொருளை, அதனை உண்டு வளர்ந்த மக்களுக்கே அயன்மொழிப் பக்கத்தில் விற்பது எவ்வகை அறிவுடைமை?

அதே 2020இல் பிலிப்கார்ட்டும் அமேசானும் தமிழ்ப் பக்கங்களைத் திறந்தன. அவற்றுக்குத் தமிழ்மேற் பற்றா? தமிழர் கைப்பணத்தின்மேற் பற்று! அயலார் ஊதியங் கருதிக் கற்ற பாடத்தைத் தமிழர் உணர்வாலும் கற்கவில்லை. ஊதியங் கருதியும் கற்கவில்லை.

கருவியில்லை என்னும் சாக்கும் இனிச் செல்லாது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 2011இல் ‘.இந்தியா’ என்னும் தமிழெழுத்து இணைய முகவரியும் ஒப்புதல் பெற்றது.

தமிழைக் கடைசியில் ஒட்டுப்போடுவதாற் பயனில்லை. திட்டத்தின் முதல் வரியிலேயே அது வேண்டும். நிலக்கடலையை ஓரூரார் வேர்க்கடலை என்பர். மற்றோரூரார் மல்லாட்டை என்பர். எச்சொல்லை இட்டுத் தேடினும் பொருள் கிட்டுமாறு பெயர்களை முன்னரே தொகுத்தல் வேண்டும். மண்ணையும் மக்களையும் அறிந்த வணிகரே இதனைச் செய்யவல்லார்.

இதில் அறமும் அடங்கியுள்ளது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விற்பவர் பெயர், முகவரி, பொருளைத் திருப்பும் முறை, பணம் மீளும் முறை ஆகியவை தெளிவாகக் காட்டப்பெறல் வேண்டும். முறையீடு கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு திங்களுக்குள் தீர்வு காணல் வேண்டும். இவற்றை ஆங்கிலத்தில் மட்டும் எழுதிவைத்தால், உடைந்த கலத்தைப் பெற்ற உழவர்வீட்டுப் பெண் தன் உரிமையை எங்ஙனம் அறிவாள்? படிக்க இயலாத உடன்பாட்டின்கீழ் ‘ஒப்புகின்றேன்’ என அழுத்தச் செய்வது நேர்மையாகுமா?

வெளிநாட்டார் வாங்க ஆங்கிலம் வேண்டாவா எனச் சிலர் வினவுவர். வேண்டுமெனில் மற்றொரு பக்கம் அமைக்கட்டும், தடுப்பார் யார்? வீட்டுக்குரியாளைத் திண்ணையில் நிறுத்திவிட்டு விருந்தாளிக்கு வீட்டையே எழுதிக்கொடுக்கும் பேதைமையே கூடாதென்கிறோம்.

தமிழ் வணிகரே! பெயர், விலை, அளவு, பொறுப்புறுதி, பற்றுச்சீட்டு, முறையீட்டுக்கு விடை ஆகிய ஆறும் தமிழில் அமையுமாறு திட்டமிடுங்கள். கடை திறந்தபின் பார்த்துக்கொள்ளலாம் எனத் தள்ளிவைத்த தமிழ், அக்கடைக்குள் பிறகு நுழைந்ததே இல்லை!