காலிக் கவரைச் சேர்த்துவைத்த வீடுகள்

‘நாம் மஞ்சப்பை தூக்கிப் போனால் பூமி பிழைத்துவிடுமா? முதலில் கம்பெனிகள் திருந்தட்டும்.’ 2019 ஜனவரி 1 அன்று, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்த நாளிலிருந்து இந்தப் பேச்சு ஓயவில்லை. விவரம் தெரிந்தவர்களே இதை அதிகம் சொல்கிறார்கள் என்பதுதான் வருத்தம். சொல்லும் காரணங்களைப் பார்ப்போம்.

துணிப்பைதான் அதிகக் கெடுதல் என்கிறார்கள். டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டி, ஒரு பருத்திப் பையை 7,100 தடவை பயன்படுத்தினால்தான் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்கிறார்கள். அந்த எண் ஓசோன் படலம் முதலான எல்லா அளவுகோல்களையும் சேர்த்தது. புவி வெப்பமாதலை மட்டும் எடுத்தால், அதே ஆய்வு சொல்வது 52 தடவை. வாரம் ஒருமுறை சந்தைக்குப் போகிற வீட்டுக்கு அது ஒரு வருடம். நம்மூர் கேரி பேக் இன்னும் மெல்லியது என்பதால் கணக்கு கூடத்தான் செய்யும். ஆனால் குப்பையாகச் சிதறும் பையின் கேட்டை அந்த ஆய்வு கணக்கிலேயே எடுக்கவில்லை. இங்கே பை போய்ச் சேருவது சாக்கடைக்கும் மாட்டின் வயிற்றுக்கும். தவிர, நாம் புதுப்பை வாங்கவே வேண்டியதில்லை. கல்யாண வீடுகளில் தேங்காயோடு வந்த தாம்பூலப் பைகள் எல்லார் வீட்டுப் பரணிலும் கிடக்கின்றன.

சனங்கள் மாறமாட்டார்கள் என்பது அடுத்த காரணம். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நின்று பாருங்கள். தூக்குச்சட்டியை நீட்டினால் கடைக்காரர் வெறும் சட்டியைத் தராசில் வைத்து, அதன் எடையைக் கழித்துவிட்டு அதிலேயே கறியைப் போட்டுத் தருகிறார். யாரும் முகம் சுளிப்பதில்லை. நீலகிரியில் 2022இல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தார்கள். உடைந்த கண்ணாடி காட்டு விலங்குகளின் காலைக் கிழிப்பதைத் தடுக்க, உயர் நீதிமன்றம் வலியுறுத்தி வந்த ஏற்பாடு அது. பத்தில் ஒன்பது பாட்டிலுக்கு மேல் திரும்பி வந்தன. வாங்கிக்கொள்ள ஓர் இடம் இருந்தால் கொண்டுவந்து தர ஆள் இருக்கிறது.

சூழலைக் கருதி வீட்டில் எதை மாற்றினாலும் செலவு கூடும் என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. 60 வாட் குண்டு பல்பு இருந்த இடத்தில் 9 வாட் எல்இடி எரிகிறது. கரண்ட் பில்லைப் பார்த்தால் போதும்.

கடைசிக் காரணம்தான் கனமானது: குப்பையை உண்டாக்குவது கம்பெனி, வீடு அல்ல. பாதி உண்மை. 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளே தயாரிப்பாளர் மீது பொறுப்பைச் சுமத்துகின்றன. ஆனால் கம்பெனி யாரைப் பார்த்து மாறுகிறது? கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்பை சிறு சாஷேயில் அடைத்து விற்கக் கிளம்பியபோது பெரிய நிறுவனங்கள் பாட்டிலில்தான் விற்றுக்கொண்டிருந்தன. நம் வீடுகள் சாஷேயை வாங்கின, அந்த நிறுவனங்களும் சாஷேக்கு வந்தன. அவர் மகன் ரங்கநாதன் ‘சிக்’ ஷாம்பை விற்கும்போது, எந்த பிராண்டானாலும் ஐந்து காலி சாஷே கொண்டுவந்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்று அறிவித்தார். பிறகு சிக் சாஷே மட்டுமே செல்லும் என்று மாற்றினார். காலிக் கவரைச் சேர்த்துவைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க அன்றைக்கு எந்த வீடும் சலித்துக்கொள்ளவில்லை. விற்பனை பல மடங்கு ஏறியதே அதற்குச் சாட்சி.

வீட்டில் குப்பையைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். காய்கறித் தோல் உரத்துக்குப் போய், பால் கவரும் பேப்பரும் பழைய பேப்பர்காரரிடம் போய், கேரி பேக் வராமலே நின்ற பிறகும் கூடையில் மிஞ்சுவது பளபளக்கும் சாஷேயும் சிப்ஸ் கவரும்தான். எந்தப் பழைய பேப்பர்காரரும் அவற்றைத் தொடமாட்டார். யார் தயாரித்தது என்பது அந்தக் கவர்களிலேயே அச்சிட்டிருக்கிறது. ஐந்து காலி சாஷேக்கு ஒன்று இலவசம் என்ற அதே அறிவிப்பை, வியாபாரத்துக்காகச் செய்ததைப் பொறுப்பாகச் செய்யச் சொல்லி, இன்று எல்லா நிறுவனங்களிடமும் கேட்கலாம். கேட்கிற வீடு கவர்களைப் பிரித்துச் சேர்த்து வைத்திருக்க வேண்டும்.